பேச்சியம்மாளின் எடை

தென்முனை நகரத்தில் எல்லா விண்ணப்பங்களையும் இயந்திரமே நிரப்பிவிடும் என்று நகராட்சி பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. அப்படியானால் குடியுரிமை அலுவலகத்து வாசலில் என் மேசைக்கு முன்னால் தினமும் இருபது பேர் எதற்காக நிற்கிறார்கள் என்று நகராட்சியைத்தான் கேட்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, எந்தக் கப்பலில் வந்தீர்கள் என்பதையெல்லாம் இயந்திரம் நிரப்பும். எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும், எதை முதலில் சொல்ல வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆறுமுகநயினார், மனு எழுதுபவன். நிலவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கோவில்பட்டி தாலுகா அலுவலகத்து வாசலில் என் அப்பா செய்த தொழில்தான். அங்கே மரத்தடி, இங்கே காற்றுக் குழாயடி. அதிகாரிகளும் படிவங்களும் அதே மாதிரிதான்.

என் மனு திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை என்று நான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தவன். அதனால் அந்தத் திங்கட்கிழமை காலை சுடர்க்கொடி வரிசையை விலக்கிக்கொண்டு வந்து நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவள் வருவது தூரத்திலேயே தெரியும். எங்கள் ஊரில் நடை என்பது பாதி மிதப்பு. இங்கே வளர்ந்த பிள்ளைகள் ஒட்டடைக் குச்சி போல நெடுநெடுவென்று வளர்ந்து, தரையைத் தொட்டும் தொடாமலும் போவார்கள். சுடர்க்கொடி குட்டை. தோளும் தொடையும் கட்டுமஸ்து. காலை ஊன்றி வைத்து நடப்பாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே ‘பூமிக்காரி’. இப்போது இருபது வயது ஒன்பது மாதம். பனிக்குழியில், அதாவது நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் சுரங்கத்தில், பம்ப் ஆபரேட்டர்.

“தள்ளிட்டாங்க அண்ணாச்சி.”

“எதை?”

“நீங்க எழுதுன மனுவத்தான்.”

வாங்கிப் பார்த்தேன். நான் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. பன்னிரண்டாம் பிரிவு: நீண்ட காலம் இங்கே வசிப்பவர், பெற்றோரில் ஒருவருக்குக் குடியுரிமை இருந்தால், தானும் குடியுரிமை கோரலாம். பதினைந்து வருடம் வசித்திருக்க வேண்டும், இருபத்தோரு வயது முடிவதற்குள் கேட்க வேண்டும். அவள் அம்மா பேச்சியம்மாளுக்குக் குடியுரிமை கிடைத்து ஒன்பது வருடம் ஆகிறது. பெண் இரண்டு வயதில் அம்மா இடுப்பில் வந்து இறங்கியவள். இதைவிடச் சுலபமான மனுவை நான் எழுதியதில்லை.

பதில் இரண்டே வரி. விண்ணப்பதாரர் மூன்று வருடம் இரண்டு மாதம் மட்டுமே நிலவில் வாழ்ந்ததாக அவரது எலும்பு சாட்சி சொல்கிறது. தொண்ணூறு நாளுக்குள் பூமி செல்லும் கப்பலில் ஏற வேண்டும்.

இந்த எலும்பு விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நிலவில் நம் எடை ஆறில் ஒரு பங்குதான். எடை இல்லாவிட்டால் எலும்பு சோம்பேறியாகிவிடும், வருடத்துக்கு வருடம் மெலியும். அந்த மெலிவு ஒவ்வொரு வருடமும் ஒரு கோடாகப் பதிந்துவிடும். ஒரு காலத்தில் புரோக்கர்கள் பள்ளிப் பதிவு, வேலைப் பதிவு, வாடகைப் பதிவு எல்லாவற்றையும் விற்றார்கள். பூமியை விட்டு நகராதவனெல்லாம் பத்து வருடம் நிலவில் இருந்ததாகக் காகிதம் காட்டினான். அதனால் ஆறு வருடம் முன்பு நகரச் சபை ஒரு சட்டம் போட்டது. இனி எந்தப் பதிவும் செல்லாது. எலும்பை ஓர் இயந்திரம் படம் பிடித்துக் கோடுகளை எண்ணும். அது சொல்வதுதான் சாட்சி.

“நடுவுல பூமிக்குப் போயிட்டு வந்தியாம்மா? என்கிட்ட உண்மையைச் சொல்லிரு.”

“நான் இந்த ஊர விட்டு வெளியில போனதே பனிக்குழிக்குத்தான்.”

“பிறகு எப்படி மூணு வருஷம்?”

அவள் என் மேசையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மனு எழுதுகிறவனுக்கு இது பழக்கம். தெரியாதவர்கள் உடனே ‘தெரியாது’ என்பார்கள். தெரிந்தவர்கள்தான் எதையாவது சுரண்டுவார்கள்.

மத்தியானம் கடையைக் கட்டிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

பேச்சியம்மாள் விளாத்திகுளத்துக்காரி, நாற்பத்தாறு வயது. விண்ணுடைக்குக் கையுறை தைப்பவள். இந்த நகரத்தில் வெளியே இறங்கி வேலை செய்கிற பாதிப் பேருடைய விரல்கள் அவள் தையலால்தான் உறையாமல் இருக்கின்றன. போன வருடம் குக்கர் மூடியைத் திறக்கும்போது அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது, இன்னும் கூடவில்லை. அதற்கு முந்தின வருடம் தும்மினதில் ஒரு விலா எலும்பு. இந்த உடம்போடு அவள் பூமியில் இறங்கினால் எழுந்து உட்காரக்கூட முடியாது. மகளைக் கப்பல் ஏற்றினால் இரண்டு பேரும் இந்த ஜென்மத்தில் ஒருவரை ஒருவர் தொட முடியாது. என் மனு திரும்பி வந்தது என்கிற ரோஷமெல்லாம் அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட்டது.

“உக்காருங்க அண்ணாச்சி. எல்லாம் நான் செஞ்ச வேலை” என்றாள்.

“என்ன செஞ்சிய?”

“நான் ராட்டினத்துல ஏறுனதே இல்ல.”

ராட்டினம் என்று நாங்கள் சொல்வது நகரத்தின் நடுவில் சுற்றும் பெரிய சக்கரத்தை. அதற்குள் உட்கார்ந்தால் பூமியின் முழு எடையும் உடம்பில் இறங்கும். எலும்பு கொஞ்சமாவது தாங்க வேண்டும் என்பதற்காக, சின்னவர் பெரியவர் எல்லாரும் தினமும் ஒரு மணி நேரம் அதில் உட்கார வேண்டும் என்று சட்டம். ஆளுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் இடம் கிடையாது. கையில் கட்டிய பட்டையை வாசல் இயந்திரம் பார்த்து உள்ளே விடும்.

“ஏறாம எப்படி? பதினெட்டு வருஷம் ஒரு நாள் கூடவா உங்களைப் பிடிக்கல?”

“வாசல் பட்டையைத்தானே பாக்குது, ஆளையா பாக்குது. என் பட்டைய இவ கால்ல கட்டி விட்ருவேன். இவளுக்கு ஒரு மணி நேரம், அது முடிஞ்சதும் என் ஒரு மணி நேரம். இவ இறங்காம உக்காந்திருப்பா. நான் வெளியில உக்காந்து தைச்சிக்கிட்டிருப்பேன். வீட்டுலயும் சும்மா விடல. சட்டையில பை வச்சுத் தைச்சு நிலா மண்ண அடைச்சுப் போட்டு விடுவேன்.”

“எதுக்கும்மா இப்படி?”

“ரெண்டு வருஷ கான்ட்ராக்டுனுதானே அண்ணாச்சி கூட்டியாந்தாங்க. ரெண்டு வருஷத்துல திரும்பிப் போயிருவோம், என் எலும்பு போனாப் போவுது, பிள்ளை அங்க போய் எந்திரிச்சு நிக்கணும், ஓடணும்னு நினைச்சேன். ரெண்டு நாலாச்சு. நாலு ஆறாச்சு. ஒவ்வொரு தடவையும் அடுத்த வருஷம் போயிருவோம்னுதான் நினைச்சேன். பிறகு எனக்குக் குடியுரிமை வந்துச்சு. அப்பமாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல.”

எலும்பு மெலியாததால்தான் இயந்திரம் மூன்று வருடத்தோடு எண்ணுவதை நிறுத்தியிருக்கிறது. இந்த ‘அடுத்த வருஷம் போயிருவோம்’ என்பதை நானும் ஒரு ஏழெட்டு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வார்கள். பெட்டியைப் பரண் மேல் ஏற்றாமல் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருப்பார்கள். இவள் பெட்டியோடு நிறுத்தாமல் பிள்ளையின் எலும்பையே கட்டித் தயாராக வைத்திருந்திருக்கிறாள்.

சுடர்க்கொடி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

“எனக்கு அங்க போவணும்னு நான் எப்பம்மா கேட்டேன்?” என்றாள். குரல் உயரவில்லை. “எல்லாப் பிள்ளைகளும் விளையாடப் போவும், நான் ராட்டினத்துல உக்காந்திருப்பேன். என்னைப் பூமிக்காரின்னு சொல்லுதாங்கம்மான்னு உன்கிட்ட அழுதேன். இன்னும் கொஞ்ச நாள்தாண்டி, நாம போயிருவோம்னு நீ சொன்ன. உனக்கு எலும்பு இத்துப்போச்சு. எனக்கு ஊரு போச்சு.”

“தப்புதான்டி” என்றாள் பேச்சியம்மாள்.

பிறகு என் தொழில் புத்தி தலை தூக்கியது. அந்த எலும்புச் சட்டத்தில் ஓர் உட்பிரிவு உண்டு. எலும்பு சொன்ன வருடத்தை யாரும் எந்தக் காரணத்துக்காகவும் குறைக்கக் கூடாது. கூட்டலாம், ஆனால் அதற்கு உடம்பிலிருந்து நேரடியாக எடுத்த வேறொரு பதிவு வேண்டும். இயந்திரம் பிசகினால் அப்பாவிகள் கெட்டுப்போகக் கூடாது என்று யாரோ ஒரு நல்ல மனுஷர் சேர்த்த வரி. இதுவரை யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை, ஏனென்றால் அப்படி ஒரு பதிவு யாரிடமும் இல்லை.

“ராட்டினத்து வாசல்ல பட்டை வந்தது பதிவாகியிருக்கும். ஆனா பட்டை உடம்பு இல்லையே. பட்டையை யார் வேணும்னாலும் கட்டிக்கிடலாம்னு உங்க அம்மாவே காட்டிட்டாங்க” என்றேன்.

சுடர்க்கொடி மறுபடியும் சுவரைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

“ஏட்டி, உனக்கு ஏதோ தெரியும். சொல்லு.”

“தெரியும். சொல்ல மாட்டேன்.”

“உன்னைத் தொண்ணூறு நாள்ல கப்பல் ஏத்தப் போறாங்க.”

“அதச் சொன்னா அம்மா மாட்டிக்கிடுவா.”

பேச்சியம்மாள் நிமிர்ந்தாள். “என்னட்டி அது? நீ சொல்லுதியா, நானே நாளைக்கு அங்க போய் நின்னு கத்தவா?”

அவள் அப்படிச் செய்யக்கூடியவள் என்று மகளுக்குத் தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

“பம்ப் ஓட்டுறவளுக்கு இது பெரிய விஷயம் இல்ல அண்ணாச்சி. எந்தச் சக்கரமும் ஆடாம சுத்தணும்னா ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு இருக்கக் கூடாது. ராட்டினத்துல ஒவ்வொரு இருக்கையும் ஆள எடை போடும். அதுக்குத் தக்கபடி எதிர்ப்பக்கம் தண்ணிய நிரப்பிச் சமன் பண்ணும். அந்த எடையெல்லாம் ராட்டினத்துக்கு உள்ளேயே கிடக்கு. யாருக்கும் தெரியாது, யாரும் பாக்கவும் இல்ல. முந்தாநாள் நான் போய்ப் பாத்தேன்.”

“என்ன இருக்கு?”

“பேச்சியம்மாள், வயசு இருபத்தேழு, எடை பன்னிரண்டு கிலோ.”

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. பேச்சியம்மாளும் சிரித்தாள், உடனே விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அடுத்த வருஷம் பதினாலு” என்றாள் சுடர்க்கொடி. அவள் சிரிக்கவில்லை. “பிறகு பதினாறு. அப்படியே போன மாசம் வரைக்கும். என் பட்டையில என்ன எடையோ, அதே எடைதான் அடுத்த மணி நேரம் அம்மா பட்டையிலயும். பதினெட்டு வருஷமும் அப்படியே இருக்கு.”

பதினெட்டு வருடம் ஒரு பிள்ளை வளர்ந்த கதை அந்தச் சக்கரத்துக்குள் கிடந்திருக்கிறது. புரோக்கர்களுக்குத் தெரிந்திருந்தால் அதையும் விற்றிருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாமல் போனதால்தான் அது இன்னும் உண்மையாக இருந்தது.

“ஆனா நாற்பதாம் பிரிவு இருக்கு அண்ணாச்சி” என்றாள் அவளே. “தன் ராட்டின நேரத்த இன்னொருத்தருக்குக் கொடுத்தா குடியுரிமை ரத்து. அம்மாவ இந்த உடம்போட கப்பல்ல ஏத்த மாட்டாங்க, சரி. ஆறு மாசத்துக்கு ஒருக்க டாக்டர் எழுதிக் கொடுத்தாத்தான் இருக்கலாம். ஆஸ்பத்திரியில கடைசி வரிசை. இவ்வளவு வருஷம் இந்த ஊருக்குத் தைச்சுப் போட்டுட்டு, நீ யாருன்னு கேட்டா சொல்லுதுக்கு ஒண்ணும் இருக்காது. அதுவும் போவ, அம்மாவுக்குக் குடியுரிமை போச்சுன்னா என் மனுவுக்கு எங்க இருக்கு பெத்தவங்க குடியுரிமை? ரெண்டு பேருக்கும் போவும். அதுக்கு நான் ஒருத்தி கப்பல் ஏறுறது மேல்.”

நியாயமான பேச்சுதான். ஆனால் எதை முதலில் சொல்வது என்று தெரியாதவர்களின் நியாயம் அது.

“பேச்சியம்மா, உங்களுக்குப் போனாப் பரவாயில்லையா?”

“என்ன கேள்வி கேக்குதிய. என்கிட்ட இருந்து எதை எடுத்தாலும் எடுத்துக்கிடட்டும். இவ இங்க இருக்கணும்.”

“அப்ப மத்ததை என்கிட்ட விடுங்க. பெத்தவங்களுக்குக் குடியுரிமை இருக்கான்னு சட்டம் பாக்குறது மனு கொடுத்த தேதியில. நாம மனு கொடுத்த அன்னைக்கு உங்களுக்கு இருந்துச்சு. நாளைக்கு உங்க குற்றத்தைத் தனி மனுவா கொடுத்தா, அதை முதல்ல விசாரிச்சு ரத்து பண்ணி, இவ மனுவையும் கிடப்புல போட்டுருவாங்க. அதனால தனியா கொடுக்கப் போறதில்ல. இவ மேல்முறையீட்டுக்கு ஆதாரமா, கடைசித் தாளா இணைக்கப் போறேன். ஆதாரத்தை வச்சு முதல்ல மேல்முறையீட்டை முடிச்சாகணும். முடிச்ச பிறகுதான் ஆதாரத்துல இருக்கிற குற்றத்துக்குப் போக முடியும்.”

சுடர்க்கொடி ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள் காலை வந்து, “எழுதுங்க” என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை அடுத்த புதன்கிழமை. அதிகாரி எஸ்தர் தவமணி. அவருடைய அப்பா அம்மா நாகர்கோவிலிலிருந்து வந்தவர்கள், அவர் இங்கேயே பிறந்தவர். ஆறேமுக்கால் அடி உயரம், சுண்டு விரல் தடிமனில் மணிக்கட்டு. சிரித்து யாரும் பார்த்ததில்லை. லஞ்சம், சிபாரிசு, கண்ணீர் மூன்றுக்கும் மசியாதவர் என்பதால் எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு, பயமும் உண்டு.

ராட்டினத்து எடைப் பட்டியலை அவர் திரையில் மெதுவாக நகர்த்திப் படித்தார்.

“பேச்சியம்மாள், இருபத்தேழு வயசுல நீங்க பன்னிரண்டு கிலோவா?”

“அப்பம் ஒல்லியா இருந்தேன் மேடம்.”

நான் பேச்சியம்மாளின் காலை மிதித்தேன். அதிகாரி படிப்பதை நிறுத்தவில்லை.

“அஞ்சாவது வருஷம் பதினோரு நாள் ரெண்டு பட்டையும் வரல. திரும்பி வந்தப்ப ரெண்டு பட்டையிலயும் ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு.”

“மஞ்சக்காமாலை” என்றாள் பேச்சியம்மாள். “பிள்ளை ஒண்ணுமே சாப்பிடல மேடம். கஞ்சி வச்சுக் கொடுத்தாலும் துப்பிருவா. அந்தப் பதினோரு நாளும் நான் ஊசியைத் தொடல.”

அதிகாரியின் விரல் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பதினைந்தாம் வயது, பதினெட்டாம் வயது என்று மேலே போனது. கடைசியில் அவர் திரையை அணைத்துவிட்டு சுடர்க்கொடியைப் பார்த்தார்.

“ஒரு கேள்வி கேக்கறேன். இது சட்டத்துல இல்ல, பதில் சொல்லாமலும் இருக்கலாம். நான் பூமியில ரெண்டு நிமிஷம் நின்னா என் கால் உடைஞ்சிடும். எங்களுக்கு வேற வழி இல்ல, இங்கதான் இருந்தாகணும். உனக்கு அப்படி இல்ல. நீ போய் இறங்கினா நடக்கலாம், ஓடலாம். அங்கே வானம், கடல் எல்லாம் இருக்காம். உனக்கு ஏன் இந்த ஊரு?”

நான் இதற்கு ஒரு பதில் எழுதிக் கொடுக்கவில்லை. என் தவறுதான். சுடர்க்கொடி எழுந்து நின்றாள்.

“போவ முடியும்னா போயிரணுமா மேடம்? மூணாவது பம்ப்பு திணறுனா என்னைத்தான் கூப்பிடுதாங்க. வால்வக் கையால திருப்புறதுக்கு இந்த ஊர்ல என்னைவிட்டா ஆள் இல்ல. நான் அடி வாங்குனது இங்க, திட்டு வாங்குனது இங்க. என்னைப் பூமிக்காரின்னு கூப்பிட்டவன்தான் இப்பம் என் கூட ஷிப்டு பாக்கான். பூமியில எனக்கு யாரையும் தெரியாது. இங்க எந்தக் குழாய் எந்தச் சத்தம் போடும்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். எங்க அம்மாவும் இங்கதான் இருக்கா. எனக்கு ஊருன்னா இதுதான். வேற எங்க போய் நான் ஊருன்னு சொல்லுவேன்?”

அதிகாரி எழுதினார். எழுதி முடித்துச் சத்தமாகப் படித்தார். எலும்பு சொன்ன மூன்று வருடம் இரண்டு மாதத்தோடு, அதில் விடுபட்டு உடல் எடைப் பதிவு காட்டும் காலமும் சேர்க்கப்படுகிறது. மொத்த வசிப்பு பதினெட்டு வருடம் எட்டு மாதம். மனு கொடுத்த தேதியில் தாய்க்குக் குடியுரிமை இருந்தது. கோரிக்கை ஏற்கப்படுகிறது. மணி பதினொன்று பத்து.

சுடர்க்கொடி கை உயர்த்தி உறுதிமொழி சொன்னாள். பனிக்குழிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தட்டிய தட்டலில் கதவு அதிர்ந்தது.

“உக்காருங்க. இன்னும் முடியல” என்றார் அதிகாரி.

மணி பதினொன்று இருபதுக்குப் பேச்சியம்மாளின் குடியுரிமை ரத்தானது. பட்டையைக் கொடுத்தவருக்குத்தான் தண்டனை, வாங்கிய பிள்ளைக்கு இல்லை என்று சட்டத்தில் இருந்ததால் சுடர்க்கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

“ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார்.

“என் ஆசைய இவ உடம்புல ஏத்தி வச்சேன் மேடம். இவளைக் கேக்கவே இல்ல. நீங்க எடுத்ததுல எனக்கு வருத்தம் இல்ல” என்றாள் பேச்சியம்மாள். பட்டையைக் கழற்ற அவள் கட்டுப்போட்ட கையால் முடியவில்லை. மகள்தான் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

வெளியே வந்ததும் பனிக்குழிக்காரர்கள் சுடர்க்கொடியைத் தூக்கப் பார்த்தார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, அந்தப் பன்னிரண்டாம் பிரிவ எடுங்க.”

“எதுக்கு?”

“முந்தாநாள் ராத்திரி முழுக்க அதைத்தான் படிச்சேன். நீண்ட காலம் வசிப்பவர், பெற்றோர் அல்லது பிள்ளைகளில் ஒருவருக்குக் குடியுரிமை இருந்தால். பிள்ளைன்னும் போட்டிருக்கு. எனக்கு இப்பம் இருக்குல்லா?”

“இருபத்தோரு வயசுக்குள்ளன்னு இருக்கே.”

“அது பெத்தவங்க வழியா கேக்கிறவங்களுக்கு. பிள்ளை வழியா கேக்கிறவங்களுக்கு வயசே போடல.”

எடுத்துப் பார்த்தேன். போடவில்லை. குடியுரிமை ரத்தானவர் மறுபடியும் கேட்கக் கூடாது என்றும் எங்கேயும் இல்லை. ரத்தானவர்களை உடனே கப்பல் ஏற்றிவிடுவோம், பிறகு யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று சபையில் நினைத்திருப்பார்கள். ஏற்ற முடியாத எலும்போடு ஒருத்தி இருப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பிரிவை நான் தலைகீழாகச் சொல்வேன். பம்ப் ஓட்டுகிற பெண் வந்து எனக்கு அதைப் படித்துக் காட்டினாள். மானம் போனாலும் மனு எழுதினேன். சாப்பாட்டு நேரம் முடிந்து கவுன்டர் திறந்ததும் முதல் மனு எங்களுடையதுதான்.

எஸ்தர் தவமணி அதை இரண்டு முறை படித்தார்.

“காலையில ரத்து, மத்தியானம் விண்ணப்பமா?”

“சட்டத்துல இடம் இருக்கு மேடம்” என்றேன்.

“இருக்கு. யோசனை உங்களுதா?”

“புதுக் குடிமகளோடது.”

அவர் சுடர்க்கொடியை ஒரு முறை பார்த்துவிட்டு, பேச்சியம்மாளை எலும்பு இயந்திரத்துக்கு அனுப்பினார். பேச்சியம்மாளுக்குக் குடியுரிமை கிடைத்தது எலும்புச் சட்டம் வருவதற்கு முன்பு. அதனால் அந்த இயந்திரம் அவளை இதுவரை பார்த்ததே இல்லை. பதினைந்து வருடம் காட்டினால் போதும், பதினெட்டு நிச்சயம் காட்டும் என்று நான் தெம்பாக உட்கார்ந்திருந்தேன்.

பத்து நிமிடத்தில் முடிவு வந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“நாற்பத்தொரு வருஷம் நாலு மாசம்” என்றார்.

“எது மேடம்?”

“இவங்க நிலவுல வாழ்ந்த காலம்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. இயந்திரம் எண்ணுவது, தினமும் ஒரு மணி நேரம் ராட்டினத்தில் உட்கார்ந்தவர்களின் எலும்பு மெலியும் கணக்கை. ஒரு நாள் கூட உட்காராதவளின் எலும்பு இரண்டு மடங்குக்கு மேல் தேய்ந்திருக்கிறது.

“இந்த ஊரு ஆரம்பிச்சே முப்பத்தாறு வருஷம்தான் ஆகுது” என்றார் அதிகாரி.

“அப்பம் தப்பா மேடம்?” பேச்சியம்மாளின் முகம் வெளுத்தது. “திருப்பி அனுப்பிருவியளா?”

“தப்புதான். ஆனா எலும்பு சொன்ன வருஷத்தை யாரும் எந்தக் காரணத்துக்காகவும் குறைக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது. காலையில உங்க பொண்ணுக்கு எந்த உட்பிரிவைக் காட்டி ஜெயிச்சீங்களோ, அதே உட்பிரிவு.” அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்த அறையில் யாரும் பார்த்திராத ஒன்று நடந்தது. எஸ்தர் தவமணி சிரித்தார். “இன்னொண்ணும் இருக்கு. வசிப்புக் காலம் கூடினவங்க பேருதான் குடிமக்கள் பதிவேட்டுல மேல வரும். இதுவரைக்கும் முதல் பேரு இந்த ஊரைக் கட்டின தலைமைப் பொறியாளரோடது. இனிமே உங்களுது.”

“எனக்கு அதெல்லாம் எதுக்கு மேடம்?”

“வேண்டாம்னு சொல்ல முடியாது. நகர நாள் அன்னைக்குக் கொடி ஏத்துறது பதிவேட்டோட முதல் பேருதான். அடுத்த மாசம் ஏழாம் தேதி, காலையில எட்டு மணி. மேயரெல்லாம் வருவாங்க, நேரத்துக்கு வந்திடுங்க.”

பேச்சியம்மாள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் மகள் பக்கம் சாய்ந்து, அதிகாரிக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்து மெல்லக் கேட்டாள்.

“ஏட்டி, அந்தக் கயிறு ரொம்பக் கனமா இருக்குமா?”

“இருந்தா இருக்கட்டும். நீ கைய மட்டும் வையி, நான் இழுக்கேன்” என்றாள் சுடர்க்கொடி.